நெற்றியில் இட்ட தணல்

காலை நாலே முக்காலுக்கு எழுந்து, பல் துலக்கி, ஒரு தம்ளர் வெந்நீரை நின்றபடியே குடித்துவிட்டு, நான்காக மடித்த சாக்குத் துணியை இடது தோளில் போட்டுக்கொண்டு வாசற்கதவைத் திறப்பது சகாயநாதனின் இருபத்தாறு வருடப் பழக்கம். சாக்குத் துணி குளிருக்காக அல்ல. கதவு திறக்கும் ஓசை கேட்டதும் எதிரே உள்ள வேப்பமரத்திலிருந்து இறங்கி அந்தத் தோளில் உட்காரும் மாணிக்கத்தின் கால்கள் சுடும். சாக்கு இல்லாவிட்டால் சட்டை கருகும். அப்படிக் கருகிய சட்டைகள் நான்கைந்து, அவர் மகள் பெலிண்டாவின் சமையலறையில் கைப்பிடித் துணிகளாகிப் பல காலமாக உழைத்துக்கொண்டிருந்தன.

பிறகு இருவரும் காட்டூரில் ஒன்றரைத் தெரு நடந்து கோயிலுக்குப் போவார்கள். சிறிய மாதா கோயில். சகாயநாதன் அங்கே கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பீடத்தைத் துடைப்பது, பூசைக்கு வேண்டியதை எடுத்துவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மெழுகுதிரி ஏற்றுவது மட்டும் மாணிக்கத்தின் பொறுப்பு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அலகைத் திரியருகே கொண்டுபோய், உறங்கும் பிள்ளையின் முகத்தில் ஊதுவது போல மெல்ல மூச்சுவிடும், திரி பற்றிக்கொள்ளும். அந்தக் கோயிலில் தீப்பெட்டி என்ற ஒன்று இருந்ததே இல்லை.

மாணிக்கம் ஒரு தணற்புள். மந்திரம் வழங்கும் அந்தத் திருச்சிராப்பள்ளியில் இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளப்பதில்லை. காவிரியில் வெள்ளம் ஏறினால் நீர்க்கட்டுக்காரர்கள் பாலத்தின்மேல் வந்து நின்று மந்திரம் சொல்லித் தண்ணீரை இறக்குவார்கள். சத்திரம் பேருந்து நிலையத்தில் கண்ணேறு கழிக்கும் கயிற்றை லைசென்ஸ் வாங்கி விற்பார்கள். இவற்றுக்கு நடுவே தணற்புள் வளர்க்கும் வீடுகள் ஒன்பது இருந்தன. ஒன்பது வீட்டாரும் இரண்டு விதிகளைத் தங்கள் பெயரைப் போலவே அறிந்திருந்தார்கள்.

முதல் விதி ஏவலைப் பற்றியது. ஒவ்வொரு புள்ளுக்கும் வளர்ப்பவர் ஒரு சொல் கற்றுக்கொடுத்திருப்பார். மாணிக்கத்தின் சொல் ‘பற்று’. ஒருமுறை சொன்னால் அது வேண்டுகோள். விருப்பம் இல்லையென்றால் புள் தலையைத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டாம் முறை சொன்னால் தயங்கலாம். மூன்றாம் முறை சொன்னால் அதற்கு வேறு வழி கிடையாது. உயிர் போவதாக இருந்தாலும் செய்தே தீரும். ஆகவே நல்லவர்கள் மூன்றாம் ஏவலைச் சொல்வதில்லை. சகாயநாதன் இருபத்தாறு வருடங்களில் ஒருமுறையும் சொன்னதில்லை.

இரண்டாம் விதி சாம்பலைப் பற்றியது. பத்தொன்பது வருடத்துக்கு ஒருமுறை தணற்புள் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். அதற்கென்று வைத்திருக்கும் மண்சட்டியில் அது எரியவேண்டும். எரிந்த சாம்பலை யாரும் தொடக்கூடாது. ஏழு நாள் கழிந்ததும், எரிந்த அதே வேளையில், அது மறுபடி எழும். எழுந்ததும் வளர்ப்பவர் அதன் காதில் அந்தச் சொல்லை மறுபடி சொல்லவேண்டும். முன்பு மாணிக்கம் எரிந்தபோது சகாயநாதன் ஏழு நாளும் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வயதுப் பெலிண்டா அவருக்குச் சோறு ஊட்டிவிட்டாள்.

இந்த வருடம் அந்தப் பத்தொன்பது நிறைந்தது. தை மாதத்திலேயே மாணிக்கத்தின் இறகு செங்கல் நிறத்துக்கு மங்கிவிட்டது. நடுப்பகலில் தூங்கியது. பரணிலிருந்து சட்டியை இறக்கவேண்டும் என்று சகாயநாதனும் தினம் ஒருமுறை நினைத்தார். முழங்கால் வலி. நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளிப்போட்டார். பிறகு திருநீற்றுப் புதன் வந்தது.

அன்று கோயிலில் எல்லார் நெற்றியிலும் சாம்பல் இடுவார்கள். முந்திய வருடத்துக் குருத்தோலை ஞாயிறன்று வீட்டுக்குக் கொண்டுபோய், சிலுவையாகப் பின்னி, சாமி படத்தின் பின்னால் செருகிவைத்த ஓலைகளைச் சனங்கள் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றை எரித்துச் சலித்த சாம்பல்தான் அது. எரிப்பதும் சலிப்பதும் கோயில்பிள்ளையின் வேலை.

“சகாயம், சாயங்காலம் ஆறு மணிக்குப் பூசை. இப்பவே ரெடி பண்ணிடுங்க. போன வருஷம் மாதிரி கட்டி கட்டியா இருக்க வேணாம்,” என்று பங்குத்தந்தை பெஞ்சமின் காலையிலேயே சொல்லியிருந்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சகாயநாதனுக்கு அது சுருக்கென்றது. போன வருடம் கட்டி விழுந்த சாம்பலைப் பார்த்து, வங்கியில் வேலை பார்க்கும் பிரவீன்ராஜ், “அங்கிள், எங்க வீட்டு மாவுச் சல்லடைய வேணா கொண்டாந்து தரட்டுங்களா?” என்று கேட்டதும், வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் அவருக்கு மறக்கவில்லை.

கோயிலின் பின்புறம் அகன்ற இரும்புச் சட்டியில் ஓலைகளைக் குவித்தார். சாமான் அறையின் ஓட்டை வழியாகப் பனி இறங்கி ஓலையெல்லாம் பதத்துப்போயிருந்தது. டீக்கடையில் தீப்பெட்டி வாங்கிவந்து காகிதத்தைக் கொளுத்திச் செருகினார். புகைந்து அணைந்தது. மறுபடி கொளுத்தினார், அணைந்தது. மணி பதினொன்றை நெருங்கியது.

“மாணிக்கம்,” என்று கூப்பிட்டார். “பற்று.”

மதிற்சுவரின்மேல் கண்மூடியிருந்த பறவை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது.

“பற்றுடா. நான் என்ன தினமுமா ஓலை எரிக்கச் சொல்றேன்?”

பறவை இறங்கி வந்து சட்டியின் விளிம்பில் உட்கார்ந்தது. அதன் உடம்பு காய்ச்சல் கண்டது போல வெடவெடத்தது. ஓலையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, நகரவில்லை. அந்தப் பார்வையின் பொருள் சகாயநாதனுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு வேளை வந்துவிட்டது, என்னை என் சட்டியில் கொண்டுபோய் வை என்கிறது. தெரிந்தும், அந்த நேரத்தில் அவர் காதில் கேட்டதெல்லாம் போன வருடத்துச் சிரிப்புதான்.

“பற்று!” என்றார் மூன்றாம் முறை.

பறவை ஓலைக்குள் இறங்கியது. வெள்ளை வெளேரென்று ஒரு சுவாலை ஆள் உயரத்துக்கு எழுந்தது. சகாயநாதன் பின்வாங்கி, கண்ணைக் கசக்கி, இருமி, நிமிர்ந்து பார்த்தபோது சட்டியில் சாம்பல் மட்டும் இருந்தது.

“மரத்துக்குப் பறந்திருக்கும்,” என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

ஆனால் ஓலைச் சாம்பல் கரும்பழுப்பாக இருக்கும். இதன் அடியில் செங்காவி படர்ந்திருந்தது. குச்சியால் கிளறியபோது அது ஒருமுறை, ஒரே ஒருமுறை, மூச்சு வாங்குவது போல மேலெழுந்து தாழ்ந்தது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் மடியில் வைத்து ஏழு நாள் பார்த்த அசைவு. சகாயநாதனுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம் அப்படியே நின்றார். ஃபாதரிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் சாயங்காலம் சாம்பல் கிடையாது. நானூறு பேர் வெறும் நெற்றியோடு திரும்புவார்கள். யாரால் என்று கேட்பார்கள். இரண்டும் கலந்த பின் பிரிக்கவா முடியும் என்று தமக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். கையை நீட்டிச் சல்லடையை எடுத்தார்.

மாலைப் பூசையில் கூட்டம் வாசல்வரை நின்றது. ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு ஃபாதரும், மற்றொரு தட்டைப் பிடித்துக்கொண்டு சகாயநாதனும் நெற்றி நெற்றியாகச் சிலுவை இட்டார்கள். சாம்பல் பட்டுப்போல விழுந்தது.

“இந்த வருஷம் பரவால்லையே அங்கிள். பவுடர் மாதிரி இருக்கு,” என்றான் பிரவீன்ராஜ்.

அந்தச் சொல் கேட்டபோது உள்ளே ஒரு மூலையில் பெருமையாக இருந்ததை எண்ணி, பின்னால் சகாயநாதன் பல நாள் தம்மையே வெறுத்தார்.

மறுநாள் நாலே முக்காலுக்குக் கதவைத் திறந்தார். வேப்பமரத்திலிருந்து எதுவும் இறங்கவில்லை. சாக்குத் துணி தோளில் சில்லென்று கிடந்தது. கோயிலுக்குப் போய், சட்டைப்பையில் ஒளித்து எடுத்துப்போன தீப்பெட்டியால் திரி ஏற்றினார்.

அன்று பகலிலேயே பேச்சு எழுந்தது. நெற்றிச் சாம்பல் கழுவினால் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தவர்களுக்கும் போகவில்லை. தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலைப் பூசையில், ஏற்றாத மெழுகுதிரிகள் ஆட்கள் பக்கத்தில் நடந்துபோகும்போது தாமாகப் பற்றிக்கொண்டன. சிலர் அதை அற்புதம், புதுமை என்று முழந்தாளிட்டார்கள். புதுமை என்று யாருக்கும் நீண்டநேரம் தோன்றவில்லை. லூர்து என்ற இளந்தாயின் வீட்டில், நெற்றியில் சாம்பல் இட்ட ஆறுமாதக் குழந்தை தூங்கிய தூளி புகைந்தது. குழந்தையைத் தூக்கிவிட்டார்கள், தூளியில் உள்ளங்கையளவு ஓட்டை.

“சகாயம், இதுல உங்களுக்கு எதாவது தெரியுமா?” என்று கேட்டார் ஃபாதர். அவர் நெற்றியிலும் அந்தச் சிலுவை இருந்தது. முந்திய நாளைவிடச் சிவந்திருந்தது.

“தெரியல சாமி.”

வீட்டுக்கு வந்தார். ஆசிரியை வேலை பார்க்கும் பெலிண்டா பள்ளிக்குப் புறப்பட்டுப்போயிருந்தாள். அவள் படுக்கையைச் சுருட்டும்போது தலையணையைப் பார்த்தார். நெற்றி அழுந்தும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பழுப்புக் கோடுகள், இஸ்திரிப் பெட்டியால் தீய்த்தது போல. அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. பஸ் பிடித்து, ஆற்றைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் இறங்கினார்.

உத்திர வீதியில் அனுசுயா புள் வைத்தியம் பார்த்துவந்தாள். நாற்பது வயது. மூக்குக்கண்ணாடிக்கு மேலே நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு. மாணிக்கத்துக்கு அலகில் வெடிப்பு வந்தபோதெல்லாம் மருந்து தடவியவள்.

“வாங்கோ ஸார். எங்கே நம்ம கொழந்தை? தோள் காலியா இருக்கே?” என்றாள்.

சகாயநாதன் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் கையில் வைத்திருந்த மருந்துக் கிண்ணத்தைக் கீழே வைக்கவே இல்லை.

“பெருமாளே! மூணாவது ஏவலா? அதுவும் வேளை வந்த புள்ளுக்கு?” என்றாள். “அதை விடுங்கோ. அந்த சாம்பலை மனுஷா நெத்தியில இட்டேளா?”

“இட்டேம்மா.”

“என்னிக்கு, எத்தனை மணிக்கு எரிஞ்சுது?”

“புதன்கிழமை. பதினோரு மணி.”

“அப்போ வர புதன் பதினோரு மணிக்கு அது எழும். சாம்பல் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் எழும் ஸார். அதுக்கு மனுஷா நெத்தின்னு தெரியாது. அது பாட்டுக்குத் தன் கடமையைப் பண்ணும்.”

வெளியே யாரோ காய்கறிக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சகாயநாதனுக்கு அந்தக் குரல் வெகு தூரத்திலிருந்து வருவது போல இருந்தது.

“திரும்ப எடுக்க வழி இருக்காம்மா?”

“ஒண்ணே ஒண்ணுதான். மறைச்ச கைதான் எடுக்கணும். யார்கிட்ட இருக்கோ அவா முகத்தைப் பார்த்து, நடந்தது நடந்தபடி சொல்லணும். கேட்டுண்டு, எடுத்துக்கோன்னு அவா சம்மதிக்கணும். அப்போ அது விரலோட வந்துடும். ஒரு வார்த்தை பொய் கலந்தாலும் வராது. எல்லாத்தையும் அதோட சட்டியில சேர்த்துடுங்கோ.”

“சொல்லாம வேற எதும் ஒரு…”

அனுசுயா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். “இங்கே வந்து எங்கிட்ட சொல்லிட்டேளே. அதே வாய்தானே ஸார்?”

எனினும் மனிதமனம் கடைசிவரை சந்து தேடும். சனிக்கிழமை அவர் மூன்று வீடுகளுக்குப் போனார். “சாமி துடைச்சுட்டு வரச் சொன்னாரு,” என்று சொல்லி நெற்றியில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். சாம்பல் அசையவில்லை. மூன்றாவது வீட்டில் தேய்க்கத் தேய்க்க அது கனன்று, “ஐயோ சுடுது!” என்று அந்த வீட்டுக் கிழவர் அவர் கையைத் தட்டிவிட்டார். சகாயநாதன் தெருவில் நின்று கட்டைவிரலைப் பார்த்தார். கொப்புளம் எழுந்திருந்தது.

ஞாயிறு காலை, பிரசங்கம் முடிந்ததும் அவர் ஃபாதரின் அனுமதி கேட்டு, பீடத்தின் படிக்குக் கீழே வந்து நின்றார். கையில் பரணிலிருந்து இறக்கிய மண்சட்டி. அதன் அடியில், சல்லடையிலும் தட்டுகளிலும் மிஞ்சிய சாம்பல். முதல் வாக்கியம்தான் கடினமாக இருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பரணில் கிடந்த சட்டியை, சல்லடைக் கேலியை, மூன்றாம் ஏவலை, மூச்சு வாங்கிய சாம்பலை, ஃபாதரிடம் சொன்ன பொய்யை, நேற்றைய மூன்று வீடுகளை, வரும் புதன்கிழமையை.

கோயிலில் எல்லார் கையும் நெற்றிக்குப் போயிற்று. பிறகு ஒரே இரைச்சல்.

“பவுடர்னு சொன்னேனே, பாவி மனுஷா! அப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாமுல்ல?” என்று கத்தினான் பிரவீன்ராஜ்.

“இவரைப் போய் மணி அடிக்க வெச்சோம் பாரு.”

“சாவு மணிதான் அடிச்சிருக்காரு.”

ஃபாதர் யாரையும் அடக்கவில்லை. தாமே முதலில் இறங்கிவந்து, உயரமானவராகையால் குனிந்து, நெற்றியைக் காட்டினார். “எடுத்துக்குங்க சகாயம்.” விரல் பட்டதும் சாம்பல் பூந்தாது போல ஒட்டிக்கொண்டு வந்தது. சகாயநாதன் அதைச் சட்டியில் தட்டினார்.

அடுத்து லூர்து, குழந்தையோடு. “என் புள்ள தூளி கருகுச்சு. அன்னிக்கே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?”

“இருந்தேம்மா.”

அவள் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கினாள். பிறகு, “எடுங்க. கை நடுங்காம எடுங்க,” என்று குழந்தையை நீட்டினாள்.

வரிசை மதியம்வரை நீண்டது. திட்டிக்கொண்டே நின்றவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு, “ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு எடுங்கண்ணே” என்றவர்களும் உண்டு. வராதவர்களை வந்தவர்கள் போய் அழைத்து வந்தார்கள். கடைசியாகப் பெலிண்டா வந்தாள்.

“அப்பா, முதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கலாம்,” என்றாள். அவ்வளவுதான். அவர் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

சட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது சாம்பல் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. ஓலைச் சாம்பல் ஓரமாக ஒதுங்கியது. செங்காவி நடுவே கூடிக் கூடி, தலையும் கழுத்தும் வாலும் இடச்சிறகுமாக ஒரு பறவையின் வடிவம் கொண்டது. வலச்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் சட்டியின் மண் தெரிந்தது.

“இது ஒரு நெத்திச் சாம்பல் இல்லப்பா,” என்றாள் பெலிண்டா. “ஒரு சிறகளவு எங்கயோ இருக்கு.” உதட்டைக் கடித்து யோசித்தாள். “அன்னிக்கு உங்க வரிசையில ஒரு அம்மா, இடுப்புல கூடையோட… நம்ம கோயில் ஆளு இல்ல. நெத்தியில வெச்சதும் உள்ளங்கைய நீட்டிச்சே!”

சகாயநாதனுக்கு நினைவு வந்தது. தெருவில் வாழைப்பழம் விற்கும் பெண். விபூதி எந்தக் கோயிலில் கொடுத்தாலும் விபூதிதான் என்று வரிசையில் வந்து நின்றவள். “வீட்டுக்காரருக்குங்கய்யா, கொஞ்சம் நெறையாவே குடுங்க,” என்று காகிதத்தை விரித்தாள். அன்றைக்குத் தம்மைப் பாராட்டியவர்கள்மேல் பொங்கிய தாராளத்தில், இரண்டு கை அள்ளி மடித்துக்கொடுத்திருந்தார்.

அவள் பெயர் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ‘பழக்காரம்மா’ என்றுதான் தெரிந்தது. சத்திரத்தில் பஸ் மாறி வருவாள் என்றும் தெரிந்தது. திங்கட்கிழமை முழுதும் சகாயநாதன் சத்திரம் பேருந்து நிலையத்தில் கூடையோடு இறங்கும் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தார். செவ்வாய்க்கிழமை மாலை, முசிறி வண்டிகள் நிற்கும் இடத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த கலீம், “யாரைத் தேடறீங்கய்யா, ரெண்டு நாளா கண்ணு பூத்து நிக்கிறீங்க?” என்று கேட்டார்.

பதிலைக் கேட்டுவிட்டு அவரே சொன்னார்: “அட, வள்ளிக்கண்ணு! தொட்டியத்துக்காரம்மா. ஒரு வாரமா ஆளக் காணோம். வீட்டுக்காரருக்குக் கை விளங்காம இருந்துச்சு. இப்ப தேறிட்டு வருதாம், அதான் வரலைன்னு அந்த ரூட்டு கண்டக்டர் சொன்னாரு.”

தேறிவருகிறது என்ற சொல்லைக் கேட்டதும், சாம்பல் எங்கே போயிருக்கிறது என்று சகாயநாதனுக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சட்டியை எடுத்துவருவதற்குள் கடைசி வண்டி போய்விட்டதால், புதன்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில், சாக்குத் துணி சுற்றிய சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்ன பெரியவரே, சட்டியோட? பொண்ணு வீட்டுக்குக் கோழிக் கொழம்பா?” என்றார் கண்டக்டர்.

“இல்லப்பா.”

“சூடா இருக்கும்போல. பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டேங்கறாங்க.”

உண்மையில் அவர் தொடை எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே காவிரியின் மணல் வெள்ளையாக ஓடியது. குளித்தலையின் பக்கம் அக்கரையில் எங்கோ சருகு கொளுத்தும் புகை. அதைப் பார்க்கும் தைரியமின்றிக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

தொட்டியத்தில் இறங்கி, கேட்டுக் கேட்டு, வாய்க்கால் கரையோடு நடந்து, வாழைத்தோட்டத்தின் நடுவே இருந்த ஓட்டு வீட்டை அடைந்தபோது மணி பத்தேகால். தோட்டமெங்கும் காய்ந்த வாழைச்சருகு தொங்கியது. தரையிலும் கணுக்காலளவு கிடந்தது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் ஒரு மனிதர் சாய்ந்திருந்தார். வலக்கையைத் தலையணைமேல் ஒரு பச்சைக் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தியிருந்தார். தோள் தொடங்கி விரல்நுனிவரை செங்காவிச் சாம்பல்.

“அட, கோயில்காரய்யா!” என்று உள்ளேயிருந்து ஓடிவந்தாள் வள்ளிக்கண்ணு. அவள் நெற்றியில் சிலுவை சிவந்து கிடந்தது. “நானே வரணும்னு இருந்தேன். உங்க விபூதி என்ன வேலை செஞ்சிருக்குன்னு பாருங்க! எட்டு மாசமா கட்டையாக் கெடந்த கை. ஏங்க, காட்டுங்க அய்யாகிட்ட.”

கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவர் வீரமலை சிரித்தார். பல நாள் சிரிக்காத முகம் சிரிக்கும் சிரிப்பு. “தொட்டுப் பாருங்க. சூடு வந்திருச்சு. இன்னும் அசையலை. ஆனா இருக்குன்னு தெரியுது. அது போதுங்க எனக்கு.”

சகாயநாதன் தொட்டார். விரலை இழுத்துக்கொண்டார். கைக்கு அடியில் தலையணை கருகியிருந்தது. கட்டிலின் கயிறு இரண்டு இழை அறுந்து கரியாகத் தொங்கியது. அந்தக் கணவனும் மனைவியும் அதைப் பார்க்காதவர்கள் அல்ல, பார்க்க விரும்பாதவர்கள்.

அவர் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். இப்போது கற்றுக்கொண்டிருந்தார், எதையும் பூசி மெழுகவில்லை.

வள்ளிக்கண்ணுவின் முகம் மாறியது. “நல்லா இருக்கே கதை! குடுத்ததத் திருப்பிக் கேக்குற கோயில எங்கயாச்சும் பாத்திருக்கமா? எங்காளு கை தேறுனது பொறுக்கலையா உங்களுக்கு? பட்டணத்துல எவனுக்கோ வேணும்னு வந்துட்டீங்க.”

“எனக்கு வேணும்னுதாம்மா வந்தேன். அந்தப் பறவை எனக்கு வேணும். அதையும் மறைக்கல. ஆனா பதினோரு மணிக்கு…”

“இவரு சொன்னா நாம நம்பணுமா?” என்று அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

அப்போது காற்று ஒரு சருகை உருட்டிக்கொண்டுவந்து வீரமலையின் முழங்கைமேல் போட்டது. மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சருகின் ஓரம் சுருண்டது. ஒரு நூல் புகை எழுந்தது. சருகு நடுவே கறுத்து, சிவந்து, உதிர்ந்தது. வீரமலை அதை ஊதிவிட்டார். தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சருகு, சருகு, கண்ணுக்கெட்டியவரை சருகு.

“எடுத்துட்டா, கை பழையபடி கட்டையா ஆயிருமா?” என்று கேட்டார்.

ஆகாமலும் இருக்கலாம் என்று சொல்ல நாக்குத் துடித்தது. “ஆயிரும்ங்க,” என்றார் சகாயநாதன்.

வீரமலை நெடுநேரம் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “வள்ளி, பொட்டலத்தக் கொண்டா. உன் நெத்தியையும் காட்டு.”

“ஏங்க…”

“கொண்டா புள்ள. இந்தச் சூட்டுக்கு ஆசைப்பட்டு உன்னையும் கொளுத்தச் சொல்றியா?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சகாயநாதன் தோளிலிருந்து கீழ்நோக்கி மெல்ல வழித்தெடுத்தார். வீரமலை ஒவ்வொரு இடமாகக் குளிர்வதைக் கண்ணை மூடிக் கவனித்தார். “முழங்கை போச்சு,” என்றார். “மணிக்கட்டு.” கடைசியில், யாரோ ஊருக்குப் போவதை வாசலில் நின்று சொல்வது போல, “சுண்டுவிரலும் போச்சு,” என்றார். கண்ணோரத்தில் நீர் இறங்கியது. துடைக்க இடக்கையைத் தூக்கினார்.

வள்ளிக்கண்ணுவின் நெற்றியிலிருந்தும் காகித மடிப்பிலிருந்தும் கடைசித் துகள்வரை சட்டியில் விழுந்தபோது மணி பதினொன்றாக நான்கு நிமிடம். சட்டியை வாய்க்காலின் ஈர மணலில் கொண்டுபோய் வைத்தார்கள். வலச்சிறகு கூடிவந்தது. ஆனால் மற்றப் பகுதியைப் போலச் செம்மையாக இல்லை. சாம்பல் நிறத்திலேயே நின்றது.

அது எழுந்தது. சுவாலை இல்லை, ஓசை இல்லை. சிட்டுக்குருவியளவில், நனைந்த பஞ்சு போன்ற ஒரு அசிங்கமான குஞ்சு, சட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு ஏறியது. வலச்சிறகு பாதிதான் விரிந்தது. தலையைச் சாய்த்துச் சகாயநாதனைப் பார்த்தது. காத்திருந்தது.

எழுந்த புள் முதல் மூச்சு விடுமுன் வளர்ப்பவர் ஏவற்சொல்லை அதன் காதில் சொல்லவேண்டும். அப்போதுதான் அது அவருடையது. சொல்லாவிட்டால் அதற்கு யாரும் உடையவர் இல்லை. அதன்மேல் யாருக்கும் மூன்றாம் ஏவல் கிடையாது. சகாயநாதனின் உதடு அந்தச் சொல்லுக்குக் குவிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். குஞ்சு இன்னும் கொஞ்சம் காத்திருந்தது. பிறகு தானாக மூச்சு விட்டது. அலகின் முன் மணலில் ஒரு சிறு கறுப்புப் புள்ளி விழுந்தது. தத்தித் தத்திப் பறந்து, ஒரு வாழையிலையின் நடுநரம்பில் உட்கார்ந்துகொண்டது. நல்ல இலை அது; பச்சை இலை. இருந்தாலும் அதன் ஓரம் மெல்லப் பழுப்பதைச் சகாயநாதன் கண்டார். ஏவ யாருமில்லாத நெருப்பு இனி என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் உரிமையும் தமக்கு இல்லை என்று நினைத்தார்.

அவர் கட்டிலருகே திரும்பி வந்தார். வீரமலை கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“தோட்டத்துக்கு முட்டுக் குடுக்காம இருக்கே?” என்று கேட்டார் சகாயநாதன். குலை தள்ளிய வாழைகள் பாரம் தாங்காமல் சாய்ந்து நின்றன. பக்கத்தில் சவுக்குக் கம்புகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

“கை தேறிரும், நானே குடுத்துக்கறேன்னு சொல்லிட்டு இருந்தாரு,” என்றாள் வள்ளிக்கண்ணு. அவள் குரலில் இப்போது கோபம்கூட இல்லை.

சகாயநாதன் சட்டையைக் கழற்றிச் சுவரில் மாட்டினார். கம்புக் கட்டை அவிழ்த்தார். “இன்னிக்கு முடியற வரைக்கும் குடுக்கறேன். நாளைக்கும் வரேன். வாரத்துல நாலு நாள் வர முடியும். அறுப்பு முடியற வரைக்கும் வரேன். எனக்குப் பழக்கமில்ல. சொல்லிக் குடுங்க.”

“உங்க முழங்காலு நடக்கறப்பவே கடக்கு கடக்குங்குது,” என்றார் வீரமலை.

“ஆமா. வலிக்குது.”

வீரமலை அந்த முழங்காலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். சகாயநாதன் ஒரு கம்பைத் தூக்கிக்கொண்டு முதல் மரத்தடிக்குப் போய் அதன் தண்டில் சாய்த்து ஊன்றினார். கம்பு வழுக்கிற்று. மறுபடி ஊன்றினார். பின்னால் சருகு மிதிபடும் ஓசை கேட்டது. வள்ளிக்கண்ணு வந்து கம்பின் மறுமுனையைப் பிடித்தாள்.

“அங்க இல்லீங்கய்யா. தாருக்குக் கீழ, கழுத்துல குடுங்க,” என்றாள்.

அவர் கம்பை நகர்த்தி, கழுத்தில் கொடுத்தார்.